இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல், 1962

இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தேர்தல் 1962ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் நடைபெற்றது. அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 5,53,067 வாக்குகள் பெற்று வெற்றி பெற்றார். எதிர்த்துப் போட்டியிட்ட சௌத்ரி ஹரிராம் 6,341 வாக்குகளும் யமுனா பிரசாத் திரிசூலியா 3,537 வாக்குகளும் பெற்றனர். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ராதாகிருஷ்ணனுக்குக் கிடைத்தவை 98 விழுக்காட்டுக்கும் மேல்.

வெற்றி யாருக்கு என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. அவ்வாண்டு பிப்ரவரியில் நடந்த பொதுத் தேர்தலில் காங்கிரஸ் மக்களவையின் 494 இடங்களில் 361 இடங்களைப் பிடித்திருந்தது. பெரும்பாலான மாநிலச் சட்டமன்றங்களிலும் அக்கட்சியே பெரும்பான்மை பெற்றிருந்தது. பெரிய எதிர்க்கட்சிகள் எவையும் வேட்பாளரை நிறுத்தவில்லை. இத்தகைய தேர்தலில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றக்கூடும். உண்மையான போட்டி வேட்புமனு நாளுக்கு முன்பே, பன்னிரண்டு ஆண்டுகளாக, ஆளும் கட்சிக்குள் நடந்து முடிந்திருந்தது. வேட்புமனுவுக்குப் பிறகு எஞ்சியிருந்த சிறிய போட்டியோ, பின்னாளில் நாட்டின் தேர்தல் சட்டத்தையே மாற்றிய ஒரு வழக்கத்தின் பகுதியாக இருந்தது.

பிரதமர் விரும்பியவர், கட்சி விரும்பியவர்

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு இரு நாள்கள் முன், 1950 ஜனவரி 24 அன்று, அரசமைப்பு நிர்ணய சபை ராஜேந்திர பிரசாத்தைப் போட்டியின்றிக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. ஜவாஹர்லால் நேருவின் விருப்பம் வேறாக இருந்தது. தலைமை ஆளுநராக ஏற்கெனவே அரசுத் தலைமைப் பொறுப்பில் இருந்த ராஜாஜியே அப்பதவியில் தொடர வேண்டும் என அவர் எண்ணினார். ஆனால் 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் ராஜாஜி சேராமல் விலகி நின்றதைக் காங்கிரசார் பலர் மறக்கவில்லை. வல்லபாய் பட்டேலின் ஆதரவும் பிரசாத்துக்கே இருந்தது. நேரு விட்டுக்கொடுத்தார்.

புதிய அரசமைப்பின்கீழ் முதல் தேர்தல் 1952 மே 2 அன்று நடந்தது. பிரசாத் 5,07,400 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவுடன் நின்ற பொருளியல் அறிஞர் கே.டி. ஷா 92,827 வாக்குகள் பெற்றார். இந்த ஷாவைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அரசமைப்பு நிர்ணய சபையில், அதிகாரங்களை முற்றிலும் பிரித்து அமெரிக்காவைப் போல ஒரு வலுவான குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் அவர். அவர் கொண்டுவந்த திருத்தங்கள் அனேகமாக எல்லாமே தோற்றன. மக்கள் வாக்களிக்காத, அதிகாரமும் பெரிதாக இல்லாத அதே பதவிக்கு அவரே பின்னர் போட்டியிட்டதில் ஒரு முரண் இருக்கிறது. ஆனாலும் முதல் மூன்று தேர்தல்களிலும் கொள்கை அடிப்படையில் நின்று கணிசமான வாக்குப் பெற்ற தோல்வியாளர் அவர் ஒருவரே.

1957இல் நேருவின் மனம் ராதாகிருஷ்ணன் பக்கம் சாய்ந்தது. பிரசாத் ஒருமுறை இருந்துவிட்டார், வடக்கிலிருந்து ஒருவர் வகித்த பதவிக்குத் தெற்கிலிருந்து ஒருவர் வருவது முறை என்பது ஒரு காரணம். இரண்டாவது காரணம் வெளிப்படையாகப் பேசப்படாதது. இந்துச் சட்ட மசோதாவைப் பிரசாத் எதிர்த்தார். 1951இல் சோமநாதர் ஆலயத் திறப்பு விழாவில் பிரதமரின் அறிவுரையை மீறிக் கலந்துகொண்டார். நேருவுக்கும் அவருக்கும் இடையே கருத்து வேறுபாடு பல ஆண்டுகளாக இருந்தது. எனினும் கட்சியின் பெரும்பாலோர் பிரசாத்தையே மீண்டும் விரும்பினர். 1957 மே மாதத் தேர்தலில் பிரசாத் 4,59,698 வாக்குகளுடன் இரண்டாம் முறை வென்றார். துணைத் தலைவராகத் தொடர ராதாகிருஷ்ணன் முதலில் தயங்கினார். பின்னர் இசைந்தார்.

இரண்டாம் பதவிக்காலத்தில் விவகாரம் தனிமனித விருப்பு வெறுப்பைத் தாண்டியது. 1960 நவம்பர் 28 அன்று தில்லியில் இந்தியச் சட்டக் கழகத்தின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிப் பேசிய பிரசாத், இந்தியக் குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் பிரித்தானிய மன்னரின் அதிகாரங்களிலிருந்து எவ்வளவு தூரம் வேறுபடுகின்றன என்பதைச் சட்ட அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார். அமைச்சரவையின் அறிவுரைக்குக் கட்டுப்பட்டே குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்று அன்றைய அரசமைப்பு வெளிப்படையாகச் சொல்லவில்லை. அந்தச் சொற்கள் 1976இல் 42ஆம் திருத்தத்தின் மூலமே சேர்க்கப்பட்டன. எனவே பிரசாத் எழுப்பிய கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 1962இல் அந்த இருக்கையில் யார் அமர்வார் என்பதில் இந்தக் கேள்வியும் அடங்கியிருந்தது. நேரடித் தேர்தலும் தனி அதிகாரமும் இல்லாத பதவியை, அதற்குரிய கண்ணியம் குறையாமல் நடத்தக்கூடியவர் யார்?

பிரசாத் 1961இல் கடுமையாக நோயுற்றார். அப்போதும், அதற்கு முந்திய ஆண்டில் பிரசாத் சோவியத் நாட்டுப் பயணத்தில் இருந்தபோதும், ராதாகிருஷ்ணனே குடியரசுத் தலைவரின் பணிகளைக் கவனித்தார். மூன்றாம் முறை போட்டியிடுவதைச் சட்டம் தடுக்கவில்லை என்றாலும் பிரசாத் விலகிக்கொண்டார். கட்சி ராதாகிருஷ்ணனைக் குடியரசுத் தலைவர் பதவிக்கும், பீகார் ஆளுநராக இருந்த ஜாகிர் உசேனைத் துணைத் தலைவர் பதவிக்கும் முன்னிறுத்தியது. 1950இலும் 1957இலும் நிறைவேறாத நேருவின் விருப்பம் மூன்றாவது முறையில் நிறைவேறியது. காங்கிரஸ் கட்சியில் உறுப்பினராகவே இல்லாத ஒருவர், சிறைக்குச் செல்லாத ஒருவர், விடுதலைப் போராட்டத் தலைமுறையின் தலைவர்கள் இன்னும் உயிரோடிருந்த காலத்தில் நாட்டின் முதல் குடிமகனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது எளிதில் நடந்துவிட்ட காரியமன்று.

திருத்தணி, சோளிங்கர், வேலூர்

ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5 அன்று திருத்தணியில் தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். சர்வபள்ளி என்பது முன்னோர் வாழ்ந்த நெல்லூர்ப் பகுதி ஊரின் பெயர். தந்தை வீராசாமி உள்ளூர் ஜமீனில் வருவாய்த் துறையில் சிறு பதவியில் இருந்தார். வசதி இல்லாத வீடு. படிப்பு முழுவதும் உதவித்தொகையில்தான் நடந்தது. திருத்தணியில் தொடக்கக் கல்வி, திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, பிறகு 1900 முதல் 1904 வரை வேலூரில் அமெரிக்க ஆற்காடு மிஷன் நடத்திய ஊரீஸ் கல்லூரி, அதன் பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. மெய்யியலை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்தார் என்பதைவிட, உறவினர் ஒருவர் படித்து முடித்த பாடநூல்கள் கைக்கு வந்ததால் அதில் சேர்ந்தார் என்பதே பொருத்தம். வேலூரில் படிக்கும்போதே சிவகாமுவுடன் திருமணம் நடந்தது.

திருத்தணியிலிருந்து வேலூருக்குச் சாலை வழியாகப் போகிறவர்களுக்குச் சோளிங்கர் இடைப்பட்ட ஊர். ஒரு பக்கம் முருகன் மலை, மறுபக்கம் யோக நரசிம்மர் மலை. இரண்டு ஊர்களுக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டருக்குள்தான் தொலைவு. ராதாகிருஷ்ணன் பிறந்தபோது இவையெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதனுடன் சேர்ந்தது. சோளிங்கர் வட ஆற்காட்டிலேயே தங்கியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திரத்துக்குப் போயிற்று. மாவட்ட எல்லையாக இருந்தது மாநில எல்லையாகிவிட்டது. சோளிங்கரில் உள்ளவர் திருத்தணிக்கு ஆடிக்கிருத்திகைக் காவடி எடுத்துச் செல்லவும் வேறு மாநிலத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது.

திருத்தணியைத் திரும்பப் பெற ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார், கே. விநாயகம் ஆகியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் தமிழக வரலாற்றில் தனி அத்தியாயம். எச்.வி. படாஸ்கர் அளித்த பரிந்துரையின் பேரில் 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதாவது, துணைத் தலைவராக முதல் எட்டு ஆண்டுகளில் பெரும்பகுதியை ஆந்திரத்தைச் சேர்ந்த ஊரில் பிறந்தவராகக் கழித்த ராதாகிருஷ்ணன், குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது சென்னை மாநிலத்தைச் சேர்ந்த ஊரில் பிறந்தவராகியிருந்தார். அவர் தமிழரா தெலுங்கரா என்று இன்றும் நடக்கும் வாதத்தில் இரு தரப்பும் ஓர் உண்மையைக் கவனிப்பதில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். எல்லைக் கோடுதான் அவருடைய ஊரின் மீது இங்கும் அங்கும் நகர்ந்தது. திருத்தணி இப்போது திருவள்ளூர் மாவட்டத்திலும் சோளிங்கர் இராணிப்பேட்டை மாவட்டத்திலும் உள்ளன.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1909இல் தொடங்கிய ஆசிரியப் பணி அவரை மைசூர், கல்கத்தா, ஆக்ஸ்ஃபோர்டு எனக் கொண்டுசென்றது. ஆந்திரப் பல்கலைக்கழகத்துக்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் துணைவேந்தராக இருந்தார். 1949 முதல் 1952 வரை சோவியத் நாட்டுக்கான இந்தியத் தூதராகப் பணியாற்றினார். தத்துவப் பேராசிரியரை ஸ்டாலினின் மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பியது அன்று பலருக்கு வியப்பளித்தது. 1952இலும் 1957இலும் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியின்றியே தேர்வானார். ஆகவே 1962ஆம் ஆண்டுத் தேர்தலே, வாக்குப்பதிவு நடந்து அவர் வென்ற முதல் தேசியத் தேர்தல்.

வாக்குகளின் கணக்கு

குடியரசுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் உள்ள, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அடங்கிய வாக்காளர் குழு தேர்ந்தெடுக்கிறது. நியமன உறுப்பினர்களுக்கு வாக்கில்லை. சட்டமன்ற மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை. எனவே அன்று சென்னையில் இயங்கிய மேலவையினர் இத்தேர்தலைப் பார்வையாளர்களாகவே கண்டனர்.

ஒவ்வொரு உறுப்பினரின் வாக்குக்கும் ஒரு மதிப்பு உண்டு. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்றத்தின் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் 1,000ஆல் வகுத்தால் கிடைப்பது ஒரு சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு. 1962இல் 1951ஆம் ஆண்டு மக்கள்தொகையே கணக்கில் கொள்ளப்பட்டது. உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை சுமார் 6 கோடியே 32 இலட்சம். உறுப்பினர்கள் 430 பேர். எனவே அங்கு ஒருவரின் வாக்கு மதிப்பு 147. எல்லா மாநில உறுப்பினர்களின் மதிப்பையும் கூட்டி நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்தால் நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு வரும். 1962இல் அது 493. மாநிலங்கள் அனைத்தும் சேர்ந்து ஒரு தட்டு, நாடாளுமன்றம் மறு தட்டு, இரண்டும் சம எடை என்பதே இந்தக் கணக்கின் நோக்கம். குடியரசுத் தலைவர் தில்லியின் ஆளாக மட்டும் இருந்துவிடக் கூடாது என்ற கவலை இதில் தெரிகிறது.

வாக்காளர் வேட்பாளர் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால் கடைசியில் உள்ளவர் நீக்கப்பட்டு, அவருடைய சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பம் எண்ணப்படும். 1962இல் இதற்கெல்லாம் தேவை எழவில்லை. மொத்தச் செல்லத்தக்க வாக்குகள் 5,62,945. வெற்றிக்கு 2,81,473 போதும். முதல் விருப்பத்திலேயே அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு ராதாகிருஷ்ணனுக்கு வந்துவிட்டது.

தேர்தலுக்கு முந்தைய சட்டத் திருத்தம்

இத்தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன், 1961 டிசம்பரில், அரசமைப்பின் 11ஆம் திருத்தம் நிறைவேறியது. இதன் பின்னணியில் 1957ஆம் ஆண்டு வழக்கு ஒன்று இருக்கிறது. அவ்வாண்டு இமயமலையை ஒட்டிய சில தொகுதிகளில் பொதுத் தேர்தல் முடியவில்லை. வாக்காளர் குழு முழுமை அடையாமல் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது செல்லாது என்று என்.பி. காரே உச்ச நீதிமன்றம் சென்றார். மத்திய மாகாணத்தின் பிரதமராக இருந்து, காங்கிரசிலிருந்து விலகி இந்து மகாசபைத் தலைவரானவர் இவர். தேர்தல் முடிவதற்கு முன் தலையிட முடியாது என்று நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. தேர்தல் முடிந்த பின் அவர் மீண்டும் கொண்டுவந்த மனுவும் நிற்கவில்லை.

வழக்கு தோற்றாலும் அதிலிருந்த கேள்வி தோற்கவில்லை. மலைப் பகுதிகளில் ஒவ்வொரு முறையும் பனி இருக்கும். எங்காவது ஓர் இடம் காலியாக இருக்கும். ஒவ்வொரு முறையும் வழக்கு வந்தால் என்ன செய்வது? வாக்காளர் குழுவில் எந்தக் காரணத்தால் எந்த இடம் காலியாக இருந்தாலும் அதைக் காட்டித் தேர்தலைச் செல்லாது எனக் கூற முடியாது என்று 11ஆம் திருத்தம் எழுதி வைத்தது. துணைத் தலைவரைத் தேர்ந்தெடுக்க இரு அவைகளும் ஒரே கூட்டமாகக் கூட வேண்டும் என்ற விதியையும் அதுவே நீக்கியது. புதிய முறையில் நடந்த முதல் துணைத் தலைவர் தேர்தலில் ஜாகிர் உசேன் 568 வாக்குகள் பெற்றார். எதிர்த்து நின்ற என். சமந்தசின்ஹாருக்கு 14 வாக்குகள். துணைத் தலைவர் தேர்தலில் வாக்கு மதிப்புக் கணக்கு கிடையாது, ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதால் எண்கள் சிறியவை.

ஹரிராமும் திரிசூலியாவும்

எதிர்த்து நின்ற இருவரும் கட்சி ஆதரவு இல்லாதவர்கள். பெரும்பாலான நூல்கள் இவர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எண்களைச் சற்றுக் கூர்ந்து பார்த்தால் அப்படிக் கடந்துவிட முடியாது.

சௌத்ரி ஹரிராம் 1952 தொடங்கி 1969 வரை நடந்த ஐந்து குடியரசுத் தலைவர் தேர்தல்களிலும் வேட்பாளராக இருந்தவர். 1952இல் ஐவர் போட்டியிட்ட களத்தில் அவருக்கு 1,954 வாக்குகள். 1957இல் 2,672. 1962இல் 6,341. பத்தாண்டுகளில் மூன்று மடங்கு. நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 493 என்பதால், அவருக்கு வாக்களித்த அனைவரும் நாடாளுமன்ற உறுப்பினர்களே என்று வைத்துக்கொண்டாலும் குறைந்தது 13 பேர் அவருக்கு வாக்களித்திருக்க வேண்டும். திரிசூலியாவுக்குக் குறைந்தது 8 பேர். சட்டமன்ற உறுப்பினர்களும் கலந்திருந்தால் தலைகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். வாக்கு இரகசியமானது. கொறடா உத்தரவு இத்தேர்தலுக்குப் பொருந்தாது. ராதாகிருஷ்ணனை எதிர்ப்பதற்கு வேறு பெயர் சீட்டில் இல்லாத நிலையில், மக்கள் பிரதிநிதிகளில் குறைந்தது இருபத்தொரு பேர் அறியப்படாத இருவரில் ஒருவருக்கு எதிரே 1 என்று எழுதினார்கள். அந்த இரு பெயர்களும் இல்லாதிருந்தால் அவர்களுக்கு வாக்களிக்கவே வாய்ப்பு இருந்திருக்காது, தேர்தலும் நடந்திருக்காது.

இவர்கள் சீட்டில் இடம்பெற்றது எப்படி? 1952ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர், துணைத் தலைவர் தேர்தல் சட்டத்தின்படி வாக்காளர் குழுவில் ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிந்தால் போதும். வைப்புத்தொகை கட்ட வேண்டியதில்லை. 35 வயது நிறைந்து, மக்களவை உறுப்பினராகும் தகுதியுடைய எந்தக் குடிமகனும் இரண்டு கையெழுத்துகளோடு நாட்டின் மிக உயர்ந்த பதவிக்குப் போட்டியிடலாம். சட்டமன்றத் தொகுதிக்கு நிற்பவர்கூட டெபாசிட் கட்ட வேண்டியிருந்த நாட்டில் இது விந்தையான தாராளம்.

சிறு வேட்பாளர் என்றால் விளைவு இல்லாதவர் என்று பொருளில்லை. அதே காலத்தில் தென் அமெரிக்காவில், மக்கள் நேரடியாக வாக்களித்த சிலியின் 1958ஆம் ஆண்டுத் தேர்தலில் ஐவர் போட்டியிட்டனர். வலதுசாரி ஹோர்ஹே அலெசாந்திரி 3,89,909 வாக்குகளும் சோசலிஸ்டான சால்வதோர் அயெந்தே 3,56,493 வாக்குகளும் பெற்றனர். வித்தியாசம் 33,416. ஐந்தாம் இடத்தில் வந்த அந்தோனியோ சமோரானோ என்ற முன்னாள் பாதிரியார் 41,304 வாக்குகளைப் பெற்றிருந்தார். ஏழைகளிடம் செல்வாக்குள்ள அவர் நிற்காதிருந்தால் அவ்வாக்குகளில் பெரும்பகுதி அயெந்தேவுக்குப் போயிருக்கும் என்று சிலியில் நெடுங்காலம் பேசப்பட்டது. எவரும் பாதியைத் தாண்டாததால் அந்நாட்டு நாடாளுமன்றம் முதல் இருவரில் அலெசாந்திரியைத் தேர்ந்தெடுத்தது. அயெந்தே குடியரசுத் தலைவராக மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இந்திய முறையில் விருப்ப வரிசை எண் இருப்பதால் சிறு வேட்பாளரின் வாக்கு வீணாகாமல் அடுத்தவருக்கு மாறும். 1962இல் இந்த ஏற்பாடு உறங்கிக் கிடந்தது. ஏழே ஆண்டுகளில் அதற்கு வேலை வந்தது.

பதவிக்காலம்

ராதாகிருஷ்ணன் 1962 மே 13 அன்று நாடாளுமன்ற மைய மண்டபத்தில் தலைமை நீதிபதி பி.பி. சின்ஹா முன்னிலையில் பதவியேற்றார். பழைய மாணவர்கள் அவருடைய பிறந்த நாளைக் கொண்டாட விரும்பியபோது அதை ஆசிரியர் நாளாகக் கொண்டாடச் சொன்னார் என்பர். அவ்வழக்கம் அவ்வாண்டு செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அலங்காரப் பதவி என்று கருதப்பட்ட இடத்தில் அமைதி அதிக நாள் நீடிக்கவில்லை. அக்டோபரில் சீனப் படைகள் எல்லை தாண்டின. அக்டோபர் 26 அன்று நாட்டின் முதல் நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் இந்தப் பேராசிரியர்.

1964 மே 27 அன்று நேரு மறைந்தார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தார். இரு முறையும் அன்றே குல்சாரிலால் நந்தாவை இடைக்காலப் பிரதமராக நியமித்து, கட்சி தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை அரசு நாற்காலி காலியாக இல்லாமல் பார்த்துக்கொண்டார் ராதாகிருஷ்ணன். அரசமைப்பில் இடைக்காலப் பிரதமர் என்ற சொல்லே கிடையாது. 1960இல் பிரசாத் எழுப்பிய அதிகாரக் கேள்விக்கு அவர் ஏட்டில் விடை எழுதவில்லை. அமைச்சரவையை மீறவும் இல்லை, வாய்மூடி இருக்கவும் இல்லை. 1967 குடியரசு நாளுக்கு முந்தைய உரையில் நாட்டின் வளங்கள் மோசமாக நிர்வகிக்கப்படுவதை அவர் வெளிப்படையாகச் சாடியது ஆளும் கட்சியினரை நெளிய வைத்தது.

கையெழுத்துகள் இரண்டிலிருந்து நூறு வரை

அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை. காமராசர் அவர் தொடர்வதை விரும்பினார். இந்திரா காந்தியின் தெரிவு ஜாகிர் உசேன். 1967இல் எதிர்க்கட்சிகள் ஒன்றுசேர்ந்து, தலைமை நீதிபதி பதவியிலிருந்து விலகிய கே. சுப்பாராவை நிறுத்தின. ஜாகிர் உசேன் 4,71,244, சுப்பாராவ் 3,63,971. 1962ஆம் ஆண்டின் ஒருபக்கச் சாய்வு ஐந்தே ஆண்டுகளில் மறைந்து போயிருந்தது. அதே தேர்தலில் வேட்பாளர்கள் 17 பேர். அவர்களில் 9 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவருமே தங்கள் வேட்பாளருக்கு வாக்களிக்கவில்லை என்பது இதன் பொருள். மூன்று தேர்தல்களாக ஏறுமுகத்தில் இருந்த ஹரிராம் அந்த ஒன்பது பேரில் ஒருவர். திரிசூலியாவுக்கு 232 வாக்குகள். உண்மையான போட்டி வந்தவுடன், எதிர்ப்பைப் பதிவு செய்ய இவர்களின் பெயர் தேவைப்படவில்லை.

1969இல் 15 பேர் போட்டியிட்டனர். முதல் விருப்ப வாக்குகளில் வி.வி. கிரி 4,01,515, நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548, சி.டி. தேஷ்முக் 1,12,769. எவரும் பாதியைத் தாண்டவில்லை. கீழிருந்து ஒவ்வொருவராக நீக்கி அடுத்த விருப்பங்களை எண்ணிய பிறகே 4,20,077க்கு 4,05,427 என்ற கணக்கில் கிரி வென்றார். அத்தேர்தலை எதிர்த்த வழக்கில், பதவியில் இருந்த குடியரசுத் தலைவரே உச்ச நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்க நேர்ந்தது.

வெல்லும் நோக்கமில்லாத மனுக்களையும் வழக்குகளையும் தடுக்க 1974இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முன்மொழிய 10 பேர், வழிமொழிய 10 பேர், வைப்புத்தொகை 2,500 ரூபாய் என்றாயிற்று. விளைவு உடனே தெரிந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் பக்ருதீன் அலி அகமதுவும் திரிதிப் சௌத்ரியும் மட்டுமே களத்தில் இருந்தனர். 1977இல் 37 பேர் மனுச் செய்தனர். 36 மனுக்கள் தள்ளுபடியாகி, சஞ்சீவ ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். அதன் பின்னும் 1997இல் எண்ணிக்கை 50, 50 என்றும் தொகை 15,000 ரூபாய் என்றும் உயர்த்தப்பட்டது. அவ்வாண்டு கே.ஆர். நாராயணனை எதிர்த்து நின்றவர் முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என். சேஷன். நாடு முழுவதும் தேர்தல் விதிகளைக் கறாராக நடைமுறைப்படுத்திய அவருக்கும் டெபாசிட் திரும்பக் கிடைக்கவில்லை. அன்று முதல் 2022 வரை நடந்த ஒவ்வொரு குடியரசுத் தலைவர் தேர்தலிலும் சரியாக இரண்டு பேர் மட்டுமே வேட்பாளர்கள். இரண்டு கையெழுத்தோடு தனி மனிதர் ஒருவர் அந்தச் சீட்டில் தன் பெயரைக் காண்பது 1969ஆம் ஆண்டோடு முடிந்தது.

ராதாகிருஷ்ணன் 1967 மே மாதம் சென்னைக்குத் திரும்பி, மயிலாப்பூர் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்த ‘கிரிஜா’ இல்லத்தில் வாழ்ந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று காலமானார். அந்தச் சாலை இப்போது டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று அவர் பெயரால் வழங்குகிறது.